துண்டு போட்ட இருக்கை

பதினேழு வருசம் மாஞ்சோலை வண்டியில் கண்டக்டர்.
மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி
நாலாவது வளைவில் முதல் ஆள் எடுப்பான்.
ஏழாவதில் பிள்ளைகள்.
பத்தாவதில்,
'எனக்கெல்லாம் வராது' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்.
முகத்தைப் பார்த்தே பை நீட்டுவேன்:
உதடு வெளுக்கும், எச்சில் ஊறும், பேச்சு நிற்கும்.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
உள்ளே யார் மணி அடிப்பது என்று கேட்டதில்லை.
மண் அள்ளிப் போடுகிறவனுக்கு அது எதற்கு?

இப்போது ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில்.
கழுத்தில் நெறிகட்டி என்று வந்தது
நெறிகட்டி இல்லை.
ரோஸ் சர்பத் நிறத்தில் ஒரு மருந்தை
மெல்ல மெல்லக் கையில் ஏற்றுகிறார்கள்.
அதற்கு அரைமணி முன்னால்
நிறமே இல்லாத சின்ன ஊசி ஒன்று.

"இது எதுக்கு சிஸ்டர்?"
"எடுக்காம இருக்க, அண்ணாச்சி."
"எப்படி?"
டியூப்பைச் சுண்டிக்கொண்டே பாக்கியக்கனி சொன்னாள்:
"குடல் சுவத்துல சில செல் இருக்கு.
அந்தச் செவப்பு மருந்து பட்டதும்
செரட்டோனினைக் கொட்டிரும்.
அது போய் நரம்புல உக்காந்தா
நரம்பு மூளைக்குத் தாக்கல் சொல்லும்,
மூளை வயித்தப் பிழியும்.
இந்த ஊசி முந்திப் போயி
அந்த எடத்துல உக்காந்துக்கிடும்."

அட, இவ்வளவுதானா.
ஜங்ஷனில் வண்டி வந்து நிற்குமுன்னே
ஜன்னல் வழியே துண்டு போடுகிற கதை.
யார் துண்டோ தெரியாது, ஆளையே காணோம்,
ஆனாலும் ஏறி வந்தவன் உட்கார மாட்டான்.
என் வயிற்றுக்குள் இப்போது
வரிசை வரிசையாய்த் துண்டுகள்.
கூட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.
ரத்தத்தில் விஷம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
தாக்கல் மட்டும் மேலே போகவில்லை.

"இதையே மலைவண்டிக்கும் கொடுக்கலாமே?"
"அதுக்கு ஆவாது. வளைவுல வர்றது
காதுக்குள்ள இருந்து. அது வேற வாசல், வேற மாத்திரை."
இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வருவதற்கு
பின்வாசல் ஒன்று இருக்கிறதாம்; அதை அடைக்க ஒரு கேப்சூல்.
கூடவே ஸ்டீராய்டு.
அது எப்படிக் கேட்கிறது என்று
டாக்டருக்கே முழுசாய்த் தெரியவில்லை;
சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.
எனக்கு அவரைப் பிடித்துப்போனது.
கூலி என்னவென்றால்
வயிறு மூன்று நாளாய்
டிப்போவை விட்டு வண்டி எடுக்கவில்லை.

நாலாவது தடவை.
டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன்.
ஊசி இன்னும் பெட்டியில். சிவப்பு மருந்து இன்னும் ஃபிரிட்ஜில்.
முருகன்குறிச்சி கடந்ததும்
ஸ்பிரிட் வாசம். பஸ்ஸுக்குள் எங்கிருந்து ஸ்பிரிட்?
எச்சில் ஊறியது. பேச்சு நின்றது.
மீசை சரியாய் முளைக்காத கண்டக்டர் பையன்
கேட்காமலே பை நீட்டினான்.

வாங்கும்போது அந்தப் பொம்பளை ஞாபகம்.
நாலுமுக்குக்குப் போகிறவள், மூன்றாவது சீட்.
ஒன்பதாவது வளைவில், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.
டைம் ஆகிவிட்டது, நான் விசில் ஊதவில்லை.
முந்தானையை ஏந்திப் பிடித்தாள்.
பிறகு அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு
ஊர்வரைக்கும் வந்தாள்.

"இதுக்கு அந்த ஊசி கேக்காது அண்ணாச்சி.
இது வயித்துல இருந்து வரல. நெனப்புல இருந்து வருது.
அடுத்த தடவை முந்தின ராத்திரி
இதுல அரை போட்டுட்டுப் படுங்க."

அரை மாத்திரை.
டிக்கெட்டில் பஞ்ச் பண்ணினால் உதிருமே,
அந்தப் பொட்டைவிடக் கொஞ்சம் பெரிசு.
நாளைக்குப் போகணும்.
போட்டாச்சு, தண்ணீரும் குடித்தாச்சு.
கட்டில் லேசாய்ச் சாய்கிறது, நாலாவது வளைவு.
ஐந்து. ஏழு.
மூன்றாவது சீட்டில் அவள் வாயைப் பொத்துகிறாள்.
விசிலைத் தேடுகிறேன், சட்டைப்பையில்தான் இருக்கிறது.
ஊதுகிறேன்.
வண்டி நின்றதா என்று
பார்க்க முடியவில்லை.